சீராய்ச் சுரக்கும் மருந்து

(மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள சுங்கை லாலாங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



பார்க்கின்சன் நோயைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நம் வைத்திய மரபு கம்பவாதம் என்றும் நடுக்குவாதம் என்றும் சொல்லிவந்த நோய் அது. அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்: உடலுக்குள் பதித்துவிட்டால் நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மருந்தை மெல்லக் கசியவிடும் முறைகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நோய்க்கான சிறந்த மருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக நம்மிடம் இருக்கிறது. அந்த மருந்து இரவும் பகலும் ஒரே சீராக மூளைக்குப் போய்ச் சேரும் எளிய வழிதான் இன்னும் இல்லை. அந்தச் சீரையே ஒரு மருந்தாக எண்ண வேண்டும். அதைத் தருவதாகச் சொல்லும் எந்தக் கருவியையும், சுங்கை லாலாங் போன்ற ஊரில் இருக்கும் ஒரு முதியவருக்கு அது எட்டுமா என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

1. மருந்தின் பூர்வீகம்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதியது 1817இல். அப்போது மருந்து எதுவும் இல்லை. பின்னாளில் இந்நோய்க்கு மருந்தான லெவோடோபா என்ற பொருளை 1913இல் சுவிட்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் ஓர் அவரை வகையிலிருந்து பிரித்தெடுத்தார். அது எதற்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1937இல் தாமோதரனும் ராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்த வேலை நடந்த இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம். நம் மொழி பேசும் நகரத்தில் நடந்த இந்த ஆய்வை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பூனைக்காலியின் உறவுக்காரச் செடி உங்கள் எல்லோருக்கும் தெரியும். செம்பனைத் தோட்டங்களிலும் பால்மரத் தோட்டங்களிலும் தரையை மூடிப் படர்கிறதே முக்குனா கொடி, அது பூனைக்காலியின் பேரினத்தைச் சேர்ந்தது. பூனைக்காலி தன் வேரிலும் இலையிலும் உள்ள லெவோடோபாவைக் கொண்டு அக்கம்பக்கத்துக் களைகளை வளரவிடாமல் தடுக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். செடிக்கு அது களைக்கொல்லி, மனிதருக்கு மருந்து. இதைக் கேட்டுவிட்டு யாரும் தோட்டத்துக் கொடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டாம். ஒரு விதைக்கும் இன்னொரு விதைக்கும் மருந்தின் அளவு மாறும். இந்த நோயிலோ எல்லாமே அளவில்தான் இருக்கிறது.

தோட்டத்து மண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மீன் பிடிக்க ஆற்றில் கலக்கும் தூபா வேரில் இருப்பது ரோட்டனோன் என்ற நஞ்சு. அதை எலிக்குச் செலுத்திப் பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கலாம் என்று 2000இல் நிறுவப்பட்டது. ரோட்டனோனும் பாராகுவாட் களைக்கொல்லியும் கையாண்டவர்களிடம் இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதை 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பாராகுவாட்டுக்கு 2002இல் மலேசியா தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 தொடக்கத்தில் மீண்டும் முற்றாகத் தடை செய்தது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பகுதி நம் பெண்கள். இது தனிச் சொற்பொழிவுக்கு உரிய செய்தி, ஆனாலும் இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

கதைக்குத் திரும்புகிறேன். 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பினைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப்போகச் செய்தார். பிறகு லெவோடோபா கொடுத்து எழுப்பினார். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றியிருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே ஊசி வழியாக லெவோடோபா கொடுத்துப் பார்த்தார்கள். குணம் தெரிந்தது, ஆனால் சிறிது நேரமே நின்றது. பலர் முயன்று கைவிட்ட மருந்தை 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் வெற்றியாக்கினார். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுமையாக அளவை ஏற்றிக்கொண்டே போனதுதான் அவர் செய்த பெரிய மாற்றம். அந்த நாளிலிருந்து இந்த மருந்தின் வரலாறு, கொடுக்கும் முறையின் வரலாறாகவே இருந்துவருகிறது.

2. மாத்திரையின் ஏற்றமும் இறக்கமும்

நடுமூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமினைச் சுரந்து நம் அசைவுகளை இயல்பாக வைத்திருக்கின்றன. இந்நோயில் அந்த அணுக்கள் மடிகின்றன. டோபமினையே கொடுத்துவிடலாம் என்றால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும். உள்ளே போய் டோபமினாக மாறும். போகும் வழியிலேயே மாறிவிடாமல் தடுக்க இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். மடோபார், சினமெட் என்று நீங்கள் வாங்கும் மாத்திரைகள் இந்தக் கூட்டுதான்.

அப்படிச் சேர்த்துக் கொடுத்தாலும், இரத்தத்தில் லெவோடோபா ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் இது தொல்லையாகத் தெரியாது. மிச்சமிருக்கும் அணுக்கள் கிடைத்ததைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவழிக்கும். காலையில் போட்ட மாத்திரை மதியம் வரை தாங்கும். அணுக்கள் மேலும் குறையக் குறையச் சேமிக்க இடமில்லாமல் போகிறது. இரத்தத்தில் மருந்து ஏறும்போது உடல் ஏறுகிறது, இறங்கும்போது உடலும் இறங்குகிறது. சிகிச்சை தொடங்கிய நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு நாற்பது பேர் இந்த நிலைக்கு வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடிகாலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் நேரத்துக்கு) எழுந்தே பழகிய உடம்பு, ஐந்து மணிக்கே கண் விழித்துவிடுகிறது. இரவு முழுக்க மருந்து இல்லாததால் படுக்கையில் புரள முடிவதில்லை. ஆறு மணி மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் நடமாடுகிறார், பேரனோடு கடைத்தெருவுக்குக்கூடப் போகிறார். மருந்து உச்சத்துக்குப் போகும்போது தோளும் தலையும் அவர் விருப்பமில்லாமலே நெளிகின்றன. பத்து மணிக்குள் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. பார்ப்பவர்கள், 'காலையில் நன்றாகத்தானே நடந்தார், இப்போது வேண்டுமென்றே செய்கிறார்' என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் வீடுகளில் எத்தனை மனக்கசப்பு!

உணவும் குறுக்கே வருகிறது. லெவோடோபா சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உடலுக்குள் சேர்கிறது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில் நுழைய முண்டுகின்றன. மீன், கோழி, பருப்பு நிறைந்த மதியச் சாப்பாட்டோடு போட்ட மாத்திரை சில நாள் வேலையே செய்யாது. இந்நோயில் இரைப்பையும் மந்தமாகிவிடுவதால், மாத்திரை அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் மருந்து இன்னும் குறையும். இத்தனை தடைகளைத் தாண்டி மூளைக்கு எவ்வளவு, எப்போது போய்ச் சேர்கிறது என்பது தினமும் மாறுகிறது. நோயாளியின் குற்றமோ குடும்பத்தின் குற்றமோ இதில் எதுவும் இல்லை.

3. சீராகக் கொடுத்தால் குணமா?

சான்று இருக்கிறது, பழைய சான்றே இருக்கிறது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இப்படி ஏறி இறங்கும் நோயாளிகளுக்கு லெவோடோபாவை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக விடாமல் ஏற்றினார்கள். ஏற்ற இறக்கம் அடங்கியது. அதே மருந்து, அதே நோயாளி. ஓட்டம் மட்டுமே சீரானது.

அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் பம்புகள். லெவோடோபாவைக் கூழாக்கி, வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியே சிறுகுடலுக்குள் செலுத்தும் முறை சுவீடனில் உருவாகி 2004இல் ஐரோப்பாவிலும் 2015இல் அமெரிக்காவிலும் வழக்கத்துக்கு வந்தது. அந்தக் கூழைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பம்பைப் பகலெல்லாம் இடுப்பில் சுமக்க வேண்டும். குழாய் அடைக்கும், விலகும். தோலுக்கு அடியில் நுண்ணூசி வழியே செலுத்தும் லெவோடோபா 2024இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இதற்கு வயிற்றில் துளை வேண்டாம், ஆனால் பம்பு வேண்டும்.

தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் பட்டையும் உண்டு. ஒரு நாள் முழுக்கச் சீராக மருந்து தரும் எளிய ஏற்பாடு அது. ஆனால் பட்டைக்குள் மருந்து பனித்துகள் போலப் படிகமாகி உறைந்ததால் 2008இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். மாற்றியமைத்து மீண்டும் கொண்டுவர 2012 ஆயிற்று. மருந்து சரியாக இருந்தும் அதை ஏந்தி நிற்கும் பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

4. தோலுக்கு அடியில் ஒரு தண்டு

இந்த அவையில் இருக்கும் தாய்மார்கள் பலருக்கு இது புதிதாக இருக்காது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் கிளினிக்கில் மேற்கையின் உட்புறத்தில் பதிக்கிறார்களே ஒரு சிறு குச்சி, நான்கு சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் பருமன். அதில் 68 மில்லிகிராம் ஹார்மோன் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு அது போதும். அந்தக் குச்சி எத்திலீன் வினைல் அசிடேட் என்ற நெகிழியால் ஆனது. இதே நெகிழியை நுரையாக்கிச் செருப்பின் அடிப்பாகம் செய்கிறார்கள். உடல் அதை வெறுப்பதில்லை, மருந்து அதன் வழியே மெல்ல ஊடுருவி வெளியேறுகிறது.

அப்படியானால் பார்க்கின்சன் மருந்தையும் இதே போல் வைத்துவிடலாமே? மாணவர்கள் இந்தக் கணக்கைக் கவனமாகக் கேளுங்கள், முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. அந்த ஹார்மோன் தொடக்கத்தில் நாளுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம் வெளியேறினால் போதும். லெவோடோபா நாளுக்கு 600 மில்லிகிராம் உட்கொள்ளும் நோயாளி சாதாரணம். அது ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. ஆறு மாதத்துக்கு 108 கிராம். இவ்வளவையும் கையின் தோலுக்கு அடியில் வைக்க முடியாது. ஆகவே லெவோடோபா தண்டு என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

டோபமினைப் போலவே நடந்துகொள்ளும் வேறு மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும். அவற்றில் ஒன்று ரோபினிரோல். வாய்வழி நாளுக்கு 8 மில்லிகிராம் எடுப்பவர் உடலில் சேர்வது ஏறத்தாழப் பாதி. தோலுக்கு அடியில் நேராகக் கொடுத்தால் 4 மில்லிகிராம் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 720 மில்லிகிராம். தண்டுக்கு 80 மில்லிகிராம் என்றால் ஒன்பது தண்டுகள். நிறையத்தான், ஆனால் நினைத்துப் பார்க்கக்கூடிய எண்.

இந்த வழியில் போனது டைட்டன் பார்மசூட்டிகல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். போதை அடிமைத்தனத்துக்குப் புப்ரெனார்பின் என்ற மருந்தை 26 மில்லிமீட்டர் நீளத் தண்டுகளில் அடைத்து, நான்கு தண்டுகளை ஆறு மாதத்துக்குப் பதிக்கும் முறைக்கு 2016இல் அனுமதி பெற்றது. அதே தொழில்நுட்பத்தில் ரோபினிரோலை அடைத்து 2017இல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் முதற்கட்டச் சோதனையைத் தொடங்கியது. சந்தைக்கு வரும் மருந்தாக அது முதிரவில்லை. புப்ரெனார்பின் தண்டின் அமெரிக்க விற்பனையையே நிறுவனம் 2020இல் நிறுத்திக்கொண்டது. அறிவியல் தோற்றுப்போனதாக நான் இதைப் பார்க்கவில்லை. ஒரு சிறு நிறுவனத்தின் தோளில் மட்டும் இருந்தால் நல்ல யோசனையும் வழியில் நின்றுவிடும் என்பதையே இதில் பார்க்கிறேன்.

நிறுவனம் நின்றாலும் யோசனை நிற்கவில்லை. சீனாவில் ரோட்டிகோட்டினை உடலில் தானே கரைந்துபோகும் நுண்கோளங்களில் அடைத்து, வாரம் ஒருமுறை தசையில் போடும் ஊசியாக 2024இல் அனுமதித்திருக்கிறார்கள். இதில் தண்டும் இல்லை, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. என் பார்வையில், கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் நம் ஊருக்கு மிக அருகில் வரக்கூடியது இதுதான். ஊசி போட ஒரு தாதி போதும்.

இவ்வகைப் பொருள்கள் அனைத்திலும் பொறியாளர்கள் போராடும் ஒரு தொல்லையை உங்களுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன். பால்மரத்தில் கோடு வெட்டியதும் முதல் சில நிமிடம் பால் வேகமாக ஓடி மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழும். பிறகு சொட்டாகக் குறையும், மதியத்துக்குள் உறைந்து நின்றுவிடும். மருந்துத் தண்டும் விட்டால் அப்படித்தான் நடக்கும். பரப்பில் இருக்கும் மருந்து முதல் நாளில் பாய்ந்து வெளியேறும், கடைசி வாரங்களில் வறண்டுபோகும். முதல் நாள் பாய்ச்சல் பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மனப்பிரமை எல்லாம் தரும். பரப்பை மருந்தில்லாத உறையால் மூடுவது, துளைகளின் அளவை அடக்குவது என்று வேதியியலார் ஆண்டுக்கணக்கில் உழைப்பது அந்த முதல் நாளை அடக்கவே.

5. மூளைக்குள்ளேயே வைத்தால்

தேவைப்படும் இடத்திலேயே வைத்துவிட்டால் அளவு பல மடங்கு குறையும். டோபமினையே நேராகக் கொடுக்கவும் முடியும். 1989இல் ராபர்ட் லாங்கரும் கூட்டாளிகளும் முன்பு சொன்ன அதே நெகிழியில் டோபமினை அடைத்து எலியின் மூளையில் வைத்து, பல வாரங்கள் அது சுரப்பதைக் காட்டினார்கள்.

இருபது ஆண்டு கழித்து அந்த முயற்சியை வேறு பொருள்களைக் கொண்டு முன்னெடுத்தவர் ஒருவரின் பெயரை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: வினேஸ் பிள்ளை. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ரேண்ட் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் பேராசிரியராக இருந்தவர். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் நாட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த நாட்டில் பிள்ளை என்ற பெயர் வாழ்ந்துவருகிறது. கரும்புக்காக அங்கே போனவர்களிலும் ரப்பருக்காக இங்கே வந்தவர்களிலும் பலர் ஒரே துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்.

2009இல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரையில் இப்படிச் செய்திருக்கிறார்கள். மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகப் பயன்படும் ஒரு செல்லுலோஸ் வகையில் டோபமினைச் சிறைப்படுத்தி, சுமார் 197 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினார்கள். அந்தத் துகள்களைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டால் ஆன சாரத்துக்குள் பதித்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடுப்புகள் இருப்பதால் முதல் நாள் பாய்ச்சல் இல்லை. எலியின் மூளையில் வைத்தபோது ஒரு நாள் தாமதித்துத் தொடங்கி, மூன்றாம் நாள் உச்சம் தொட்டு, முப்பது நாள் வரை மூளைத் தண்டுவட நீரில் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் நின்றது. இரத்தத்தில் 1 முதல் 2 மட்டுமே. மருந்து வேண்டிய இடத்தில் இருக்கிறது, வேண்டாத இடத்தில் ஏறத்தாழ இல்லை. அந்தக் கட்டுரை எலியோடு நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வினேஸ் பிள்ளை 2020இல் மறைந்தார், ஐம்பதை ஒட்டிய வயதில். அவர் கட்டிய ஆய்வுக்கூடம் தொடர்ந்து இயங்குகிறது.

மனிதரிடம் இந்த வழியில் சென்றவர்கள் பிரான்சின் லீல் நகரத்தார். டோபமின் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். அவர்கள் அதை ஆக்சிஜன் இல்லாமல் பாதுகாத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த பம்பிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மூளையின் நீரறைக்குள் செலுத்தினார்கள். 12 நோயாளிகளிடம் செய்த அந்தச் சோதனை 2024இல் வெளிவந்தது. மாத்திரையால் கட்டுப்படாமல் இருந்தவர்களின் முடங்கிக் கிடக்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. அறிவியலாக எனக்கு இது பெரும் மகிழ்ச்சி. ஆனால் மூளை அறுவை, பம்பை அவ்வப்போது நிரப்புதல், நிபுணர் குழு என்று எல்லாம் சேர்ந்தால் இது பெரிய நகரத்து மருத்துவமனையின் வாசலிலேயே நிற்கும்.

6. எட்டும் வடிவம் எது?

உலகில் இந்நோயாளிகள் 1990இல் 2.5 மில்லியன், 2016இல் 6.1 மில்லியன். இங்கே நம் ஊர்களிலோ, பிள்ளைகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட, முதியவர்கள் பழைய தோட்டத்தை ஒட்டிய வீடமைப்புகளில் தங்கிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட்டும் நிபுணர் கிளினிக்குக்கு 5 ரிங்கிட்டும் கட்டணம் என்பது நம் நாட்டின் பெரும் பேறு. ஆனால் ஐந்து வேளை மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டுமே! அதனால்தான் மாதக்கணக்கில் தானே சுரக்கும் மருந்து பணக்கார நாட்டைவிட நமக்கு அதிகம் தேவை என்கிறேன்.

தேவை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் கூடாது. ரோபினிரோல் வகை மருந்துகள் சிலரைத் திடீரென உறங்கவைக்கும். சிலரை அடக்க முடியாத சூதாட்ட வேட்கையில் தள்ளும். மாத்திரையானால் நிறுத்திவிடலாம், பதித்த தண்டை எடுக்கக் கத்தி வேண்டும். தண்டைச் சுற்றி உடல் நார்த்திசு உறை கட்டிவிடுவதால், போட்டதைவிட எடுப்பது கடினம். மாறாக, பம்பு நின்றோ தண்டு தீர்ந்தோ மருந்து சட்டென்று அற்றுப்போனால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எந்தக் கருவி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சுங்கை பட்டாணியில் இருக்கும் மருத்துவரே இதை எடுக்க முடியுமா? அளவைக் கூட்டிக் குறைக்க வழி உண்டா? விற்கும் நிறுவனம் நாளை விலகினால் நோயாளிக்கு மாற்று என்ன? மருந்தியல் படிக்கும் மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். தண்டின் கடைசி வாரத்தை வடிவமைப்பது எப்படி என்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. வெப்பமும் ஈரமும் நிறைந்த கெடாவில் நுண்கோளங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது இன்னொன்று.

கருவி வரும்வரை குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உலகில் நடக்கும் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஒரு நாட்குறிப்பை வைத்தே முடிவு காண்கின்றன. நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து, அந்த நேரத்தில் நோயாளி நன்றாக நடமாடினாரா, முடங்கியிருந்தாரா, தன்னை மீறி நெளிந்தாரா, உறங்கினாரா என்று குறிப்பது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நாளுக்கு ஐந்து வேளை அல்லது அதற்கு மேல் லெவோடோபா எடுத்தாலோ, இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முடங்கிப்போனாலோ, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொல்லையான நெளிவு இருந்தாலோ, மாத்திரையைத் தாண்டிய சிகிச்சையை எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டம் அது என்று நிபுணர்கள் ஐந்து, இரண்டு, ஒன்று என எண்ணிச் சொல்கிறார்கள். அடுத்த முறை நரம்பியல் கிளினிக்குக்குப் போகும்போது அதற்கு முந்தைய மூன்று நாள் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டு நோயாளி நன்றாக நடந்துகொண்டிருக்கலாம். மிச்ச நேரம் எப்படிப் போனது என்பதை அந்த நோட்டு மருத்துவருக்குக் காட்டும்.